தீக்கழுத்தனின் விருந்தாளிகள்

‘இந்த மணி ஒருபோதும் அடிக்காது’ என்று செப்புத் தகட்டில் பொறித்துத் தொங்கவிட்டிருந்த மணி, திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலை அடித்தது.

ஒரு முறை அடித்து ஓயவில்லை. விடாமல் அடித்தது.

மிருதுளா அப்போது பெரிய கூடத்தின் நடுவே நின்று, ஒரு கண்ணாடிக் கூடாரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டு, பாடம் செய்யப்பட்ட ஒரு பறவையின் கழுத்து இறகுகளைத் தூரிகையால் நீவிக்கொண்டிருந்தாள். மணிச் சத்தத்தில் அவள் கை அசையவில்லை. கோவை உயிரினக் கலைக்கூடத்தில் இருக்கும் பொருள்களைப் பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் காப்பாற்றுவது இருபது வருடமாக அவள் வேலை. எந்தச் சத்தத்துக்கும் கை உதறக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். தூரிகையை மெதுவாக வெளியே எடுத்தாள். கூடாரத்தின் கைத்துளையை மூடினாள். அப்புறம்தான் திரும்பினாள்.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜெபின் டம்ளரும் கையுமாக ஓடி வந்தான்.

“மணி அடிக்குதுக்கா.”

“காது இருக்குது. டீயை வெளிய வெச்சுட்டு வா.”

“அது அடிக்கப்பிடாத மணில்லா.”

“டீயும் உள்ள வரப்பிடாத டீதான். வெளிய வை.”

அவன் டம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு மறுபடி ஓடி வந்தான். நாகர்கோவில்காரன். நாற்பது வயதுக்குள் மூன்று கண்டங்களில் காட்சி வைத்துவிட்ட சிற்பி. அந்தக் கூடத்தின் மேற்குச் சுவர் முழுவதும் இப்போது அவனுடையது. ‘மூச்சுச் சுவர்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான்.

சுவரில் பல்லாயிரம் கண்ணாடிக் குமிழ்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சொட்டு உயிர்க்குழம்பு. ஒரு குமிழுக்கு ஒரு ஜீவன். அந்த ஜீவனின் தடயம் கூடத்துக் காற்றில் கலந்தால், அதற்கான குமிழ் அதன் நிறத்தில் ஒளிரும். நாய் வளர்ப்பவர் உள்ளே வந்தால் ஒரு மஞ்சள். தலையில் மல்லிகை வைத்தவருக்கு ஒரு வெள்ளை. தோசை மாவு கரைத்த கையோடு வந்துவிட்டால், மாவைப் புளிக்கவைக்கும் கண்ணுக்குத் தெரியாத கூட்டமெல்லாம் நீல நீலமாக மினுங்கும். வெள்ளோட்டத்தின்போது இயக்குநர் பூபதி வந்து நிற்க, பெருச்சாளிக்கான குமிழ் எரிந்தது. அவர் கோபித்துக்கொண்டு போனார். சாயங்காலம் காரின் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, மறுநாள் அசடு வழிய வந்து ஜெபினின் கையைக் குலுக்கினார்.

முதல் முறை அந்தச் சுவரின் முன் நின்றபோது மிருதுளாவுக்கே உடம்பு சிலிர்த்தது. தான் தனியாக வந்து நிற்பதாக நினைத்திருந்தாள். சுவரைப் பார்த்தால், ஒரு திருவிழாக் கூட்டமே அவளோடு உள்ளே வந்திருந்தது.

ஆனால் சுவரின் அடிப்பகுதி கறுப்பு. தரையோடு தரையாக ஓடும் அந்த வரிசைகளில் இருந்தவை பூமியை விட்டுப் போய்விட்ட ஜீவன்களுக்கான குமிழ்கள். அவற்றைப் பார்க்க மண்டியிட வேண்டும். ஒருநாளும் ஒளிராத அந்த இருட்டுதான் தன் படைப்பு, மேலே இருப்பதெல்லாம் அதற்குச் சட்டம் போட்ட மாதிரிதான் என்று ஜெபின் பேட்டிகளில் சொல்லியிருந்தான். அந்த வரிசைகளோடுதான் மணியை இணைத்திருந்தான்.

இப்போது அந்த இருட்டுக்குள் ஒரு குமிழ், செம்பொன் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.

ஜெபின் மண்டியிட்டான். மணியின் கம்பியைப் பிடுங்கினான். கூடம் அமைதியானது. குமிழ் அணையவில்லை.

“பழுதுக்கா. ஏதோ குழம்பு கலந்துட்டு. எடுத்து மாத்திருதேன்.”

“அது யாரோட குமிழு?”

அவன் எண்ணைப் பார்த்துக் கைப்பேசியில் தட்டினான். தட்டியவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“தீக்கழுத்தன் அந்து.”

மிருதுளா கண்ணாடிக் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே கிளையில் உட்கார்ந்திருந்தது தீக்கழுத்தன். காக்கை அளவு உடம்பு, கரும்பச்சைச் சிறகு, கழுத்தில் மட்டும் அடுப்புத் தணல் போல ஒரு சிவப்பு. சோலைக்காட்டுப் பறவை. நாற்பது வருடங்களுக்கு முன்பு வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சாலையில் செத்துக் கிடந்தது இது. இதற்குப் பிறகு ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை. உலகத்தில் மிச்சமிருப்பது இந்த ஒரு உடம்புதான்.

“அந்துன்னா? துணி அரிக்குமே, அதுவா?”

“அதோட சொந்தம். இது துணியத் தின்னாது. தீக்கழுத்தன் கூட்டுல விழுற இறகத் தின்னு வளரும். பறவ போனதும் இதுவும் போச்சு. பறவைக்குத் தபால்தலை போட்டாங்க, பாட்டுப் போட்டி வச்சாங்க. இதுக்கு ஒரு ஆளு அழல. பாவமேன்னு நாந்தான் ஒரு குமிழு வச்சேன்.”

“பறவையோட தோல்ல இருந்து பழைய வாசம் ஏதாச்சும் வந்திருக்கும்.”

“வராதுக்கா. செத்தது விடுத தடயம் பழசு. சுவரு பழசத் தொடாது. இப்பம், இந்த நிமிசம் உயிரோட இருக்கது விடுத தடயத்த மட்டுந்தான் படிக்கும்.”

மிருதுளா கூடாரத்தின் அருகே போனாள். உருப்பெருக்கியை இழுத்துக் கூடாரத்தோடு ஒட்டினாள். அதன் படம் பக்கத்துத் திரையில் விரிந்தது. தீக்கழுத்தனின் கழுத்து, சிவப்பு வயலாகத் திரையை நிரப்பியது. ஒவ்வோர் இறகையும் அவளுக்குத் தெரியும். நிறம் மங்காமல் இருக்க வெளிச்சத்தை அளந்து விட்டிருக்கிறாள். ஒருமுறை ஈரப்பத இயந்திரம் கெட்டுப்போனதில் மகளின் பட்டமளிப்பு விழாவுக்குக்கூடப் போகவில்லை. “அதுதான உனக்கு மூத்த பிள்ளை” என்று மகள் இன்னமும் குத்திக்காட்டுகிறாள்.

வயலின் ஓர் ஓரத்தில் ஏதோ நகர்ந்தது.

அரிசியில் பாதி நீளம்கூட இல்லாத புழு. உடம்பு தெரியவில்லை. தீக்கழுத்தனின் இறகு இழைகளையே நூலாக வைத்துப் பின்னிய ஒரு சிவப்புச் சட்டைக்குள் புகுந்துகொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, சட்டையையும் இழுத்துக்கொண்டு நடந்தது. நின்றது. ஓர் இழையைக் கடித்தது. பின்னால் இன்னொன்று. இலையடியில் இருந்து வருவது போல இறகுக்கடியில் இருந்து மூன்றாவது.

ஜெபின் கிசுகிசுத்தான். “அக்கா, அந்தச் செவப்பு நடக்குது பாத்தியளா.”

நாற்பது வருடம் அசையாமல் இருந்த சிவப்பு. மிருதுளா திரையைத் தொடக் கை நீட்டினாள். உடனே வந்த இன்னொரு நினைப்பில் கையை இழுத்துக்கொண்டாள். அவை தின்றுகொண்டிருக்கின்றன.

*

இயக்குநர் பூபதி திரையை ஒருமுறை பார்த்ததும் நாற்காலி தேடினார்.

“ஏனுங்க அம்மிணி, இது எப்படிங்க சாத்தியம்? பூச்சி சாகோணும்னு வருசா வருசம் நைட்ரஜன் கூண்டுல வெச்சு எடுக்கறீங்களே.”

“மூச்சு விடறதைத்தானுங்க சார் நைட்ரஜன் கொல்லும். இறகோட அடிக்காம்புக்குள்ள முட்டை இருந்திருக்குது. மெழுகு பூசுன மாதிரி ஓடு. மூச்சே விடாமத் தூங்கியிருக்குது.”

“நாப்பது வருசமா?”

“ஆமாங்க.”

“அப்புறம் எதுக்கு இப்ப முழிக்கோணும்?”

மிருதுளா கூடாரத்தைக் காட்டினாள். “நான்தானுங்க எழுப்புனேன். விழாவுக்காகக் கழுத்து இறகை நிமித்தோணும்னு போன வாரம் பூரா உள்ள சூடும் ஈரமும் ஏத்தி வெச்சேன். இறகு இளகறதுக்கு மத்த பறவைங்களுக்கு எப்பவும் செய்யற வேலைதான், இதுக்கு இதுதான் முதல் தடவை. எந்தச் சூட்டுல வெப்போம் தெரியுங்களா? உயிரோட இருக்கற பறவையோட உடம்புச் சூடு.”

பூபதிக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

“பறவைக்கு உயிர் வந்துடுச்சுன்னு அந்த முட்டைங்க நெனச்சுடுச்சுங்களா?”

“அப்படித்தான் நெனச்சிருக்கும்.”

பூபதி எழுந்தார். கெட்டவர் இல்லை. இந்தப் பறவையை வெளிநாட்டுக்கு இரவல் கேட்டு வந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவர்.

“சரிங்க. படம் எல்லாம் எடுத்தாச்சுல்ல? கூண்டுக்குள்ள ஏத்துங்க. இப்ப முழிச்சிருக்கு, மூச்சு விடுது, நைட்ரஜன் வேலை செய்யும். நாளைக்குப் பறவை முழுசா இருக்கோணும்.”

“சார்,” என்றான் ஜெபின்.

“தம்பி, நீங்க இருங்க. மனுசன் பண்ணின அக்கிரமத்துக்கு இந்த ஒரு உடம்புதான் சாட்சி. சாட்சியையே தின்ன விட்டா நாளைக்கு எதைக் காட்டறது? அதும் பாருங்க, எப்பவோ ஒரு நாள் விஞ்ஞானம் வளந்து இந்தப் பறவையத் திருப்பி உண்டாக்குவாங்க. அப்ப எந்தக் கழுத்தைப் பார்த்து இது சரியா தப்பான்னு சொல்லுவாங்க?”

அவர் சொன்னதெல்லாம் மிருதுளாவுக்கும் சரியென்றே பட்டது. அவளே சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகள்தான். கட்டடத்துக்குள் உயிருள்ள எதுவும் பகை. இந்த வாசலைத் தாண்டி வந்த கரப்பான், கரையான், வண்டு, சிலந்தி எல்லாவற்றுக்கும் அவள் எமன். யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்யும்.

இப்போதும் கை தானாகவே செய்தது. பறவையைத் தட்டோடு தூக்கித் தள்ளுவண்டியில் ஏற்றினாள். பின்னறைக்குக் கொண்டுபோய் இரும்புக் கூண்டுக்குள் வைத்தாள். கதவின் திருகுகளை இறுக்கினாள். வால்வில் கை வைத்துத் திறந்தாள். வாயு உஸ்ஸென்று சீறிக்கொண்டு உள்ளே இறங்கியது.

கூண்டின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தாள். உருப்பெருக்கி இல்லாமல் அவை சிவப்புப் புள்ளிகள் மட்டுமே. நடந்துகொண்டிருந்த புள்ளிகள் நின்றன. ஒவ்வொன்றாகக் கழுத்தின் மடிப்பை நோக்கித் திரும்பி, இறகுக்கடியில் போய் ஒதுங்கின. மழை வந்தால் தாய்ப்பறவையின் அடியில் போய்ப் புகும் குஞ்சுகளை அவள் பார்த்திருக்கிறாள். அதே ஒதுங்கல். செத்து நாற்பது வருடமான உடம்பை நம்பி.

வால்வை மூடினாள். கதவைத் திறந்தாள். அவ்வளவு அவசரமாக அந்தக் கதவை அவள் திறந்ததே இல்லை. நகம் ஒன்று கிழிந்துவிட்டது.

“என்னங்க அம்மிணி?” வாசலில் பூபதி நின்றிருந்தார்.

“கை போகலீங்க சார்.”

“உங்க கையா?”

“எனக்கும் அதேதானுங்க ஆச்சரியமா இருக்குது.”

*

பறவையைக் கூடாரத்துக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். அன்று பிற்பகல் முழுவதும், கழுத்து இறகுக்கு மாற்றுத் தேடி, மூன்று பேரும் புழுக்களுக்குச் சமையல் செய்தார்கள்.

கோழி இறகு வைத்தார்கள். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜெபின் மொட்டை மாடியில் காக்கை இறகு பொறுக்கிக்கொண்டு வந்தான். இழுப்பறையில் இருந்த மயில், மரங்கொத்தி, தீக்கழுத்தனுக்கு ஒன்றுவிட்ட உறவான இரண்டு சோலைப் பறவைகள் என்று ஒவ்வொன்றின் இறகாக மிருதுளா எடுத்து வைத்தாள். சிவப்புச் சாயம் போட்ட பஞ்சுகூட வைத்தார்கள். அது பூபதியின் யோசனை. புழுக்கள் தலையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டன. இடம் மாற்றி வைத்ததில் ஒன்று சாயங்காலத்துக்குள் சுருண்டு செத்தது.

ஜெபின் அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். “இவ்வளவு காலம் தூங்கிட்டு முழிச்சு வந்தவன நாம ஒரு நாளுல கொன்னுட்டோம்.”

“ஆய்வுக்கூடத்துல இறகு வளர்க்க முடியாதுங்களா?” என்றார் பூபதி. “தோல் செல்லு சேமிச்சு வெச்சிருக்கோமே.”

“கேட்டுட்டேனுங்க. வளர்க்கலாம்னு சொல்றாங்க. ஆனா அந்த இறகு முளைக்கறதுக்குள்ள மழைக்காலமே முடிஞ்சு போயிடுமாம்.”

“அது வரைக்கும் இதுங்க கழுத்தைத் தின்னா?”

மிருதுளா திரையில் விரலால் ஒரு கோடு போட்டாள். அலகுக்குக் கீழே தொடங்கி நெஞ்சு வரைக்கும்.

“இது போயிடுமுங்க. கரும்பச்சையைத் தொடாது. சிவப்பு மட்டும் போயிடும்.”

“தீக்கழுத்தன்ல தீ போயிட்டா அது வெறும் கருங்குருவிங்க அம்மிணி.” பூபதியின் குரலில் கெஞ்சல் இருந்தது. “உலகம் பூரா இந்தக் கழுத்தைப் பார்க்கத்தான வருது. இருபது வருசமா அதுக்குக் காவல் நிக்கறதே நீங்கதான. நீங்களே ஊட்டி விடறேன்னா எப்படிங்க? மேல இருக்கறவங்க உங்க வேலையைத்தான் முதல்ல கேப்பாங்க.”

“தெரியுமுங்க.”

“தெரிஞ்சுமா?”

அவள் எழுந்து உருப்பெருக்கியை அவர் பக்கம் திருப்பினாள். “திரையில வேண்டாம் சார். இதுல கண்ணை வெச்சுப் பாருங்க. உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் செய்யறேன்.”

பூபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ஒரு புழு அப்போதுதான் வளர்ந்து, பழைய சட்டை பற்றாமல், ஓரத்தைக் கிழித்து அகலப்படுத்திக்கொண்டிருந்தது. ஓர் இழையைக் கடித்து, பதம் பார்த்து, வாயிலிருந்து பட்டு இழுத்து, தைத்து, திரும்பி, மறுபக்கம் தைத்தது. அளவு பார்ப்பது போல ஒருமுறை உடம்பை உள்ளே நுழைத்து எடுத்தது. திருப்தி இல்லை போல. இன்னோர் இழை கடித்தது.

அவர் நிமிர வெகுநேரம் ஆனது.

“எங்கப்பா இதே மாதிரிதானுங்க, தைச்சதைப் பிரிச்சுப் பிரிச்சுத் தைப்பாரு. திருப்பூர்ல.” மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நாளைக்கு மூடுதிரை போட்டு மறைக்கறதுக்கில்லீங்க. கூடாரத்தோட அப்படியே இருக்கட்டும். இந்த உருப்பெருக்கியையும் பெரிய திரையில மாட்டுங்க. என்ன நடக்குதுன்னு நான் வாசல்லயே நின்னு சொல்றேன். திட்டறவங்க என்னையத் திட்டட்டும்.”

ஜெபின் சிரித்தான். “சார், எனக்க படைப்பே இருட்டுதான். அதுல ஒரு ஓட்டை விழுந்துட்டு. என்னைய யாரும் கேக்கலியே.”

“உங்களுக்கு வருத்தமாங்க தம்பி?”

“வாழ்க்கையில முதல் தடவையா எனக்க வேலை தோத்துப் போயிருக்கு சார். இம்புட்டு சந்தோசமா இருக்கும்னு நெனைக்கல.”

*

மறுநாள் வந்த கூட்டத்தை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

பூபதி வாசலில் நின்று தொண்டை கட்டும் வரை சொன்னார். சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஒரு பேராசிரியர், இது பொதுச் சொத்தை அழிக்கும் வேலை என்று சொல்லி, வாசலிலேயே நின்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். ஆனால் உள்ளே வந்தவர்கள் நேரே திரையின் முன் கூடினார்கள். பெரிய திரையில் சிவப்புச் சட்டைக்காரர்கள் மலையேறுவது போலத் தீக்கழுத்தனின் கழுத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கழுத்தின் கீழ் ஓரத்தில் காசளவு இடம் வெறுமையாகி, பழுப்புத் தோல் தெரிந்தது. அந்த இடத்தை மிருதுளாவால் பார்க்கவும் முடியவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை. வந்தவர்கள் திரையைப் பார்த்துவிட்டுச் சுவருக்குப் போனார்கள். மண்டியிட்டார்கள். இருட்டில் எரியும் அந்த ஒற்றைக் குமிழின் முன்னால் கைக்குழந்தைகள்கூடச் சும்மா இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஓர் அம்மாள், எதற்கென்று தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மிருதுளாவின் மகள் பெங்களூரிலிருந்து நேரே வந்திருந்தாள். திரையைப் பார்த்தபடி அம்மாவின் காதோரம் சொன்னாள்: “மூத்த பிள்ளையையே சோறாக்கிட்ட.”

“பேசாமப் பாரு.”

மதியம் கூட்டம் கொஞ்சம் தளர்ந்த நேரத்தில், ஒரு பெண் திரையைக் காட்டி, “அங்க ஒரு முட்டை பொரியுதுங்க” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். இறகின் அடிக்காம்புப் பிளவில், கசகசாவிலும் சின்னதாக ஒரு முட்டை. ஓட்டில் கீறல் விழுந்து அகன்றது. புழுவின் தலை வருமென்று காத்திருந்தார்கள்.

வந்தது புழு இல்லை.

முதலில் ஒரு கால். அப்புறம் மயிரிழை போல இரண்டு உணர்கொம்புகள். பிறகு ஈரமான நான்கு சிறகுகள், கண்ணாடித் தகடு போல. கரும்புள்ளி ஒன்று முட்டையின் மேல் ஏறி நின்று, சிறகைக் காயவைத்தது.

ஜெபின் சுவருக்கு ஓடி மண்டியிட்டான். எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“இன்னொரு குமிழு எரியுதுக்கா. அந்துவோட முட்டைக்குள்ள முட்டை வைக்கிற குளவி. பேரு வைக்கவே ஆளில்லாமப் போனது. வெறும் எண்ணுதான் எழுதி வச்சிருந்தேன்.”

பூபதி பதறிக்கொண்டு வந்தார். “அப்ப இது நம்ம முட்டைங்களையெல்லாம் முடிச்சுடுமுங்களே. இருக்கறதே கைவிரல்ல எண்ணிடலாம். அம்மிணி, இடுக்கிய எடுங்க. ஒண்ணே ஒண்ணுதான, பறக்கறதுக்குள்ள எடுத்துடுங்க.”

கூடமே அவள் கையைப் பார்த்தது. இடுக்கி சட்டைப் பையில்தான் இருந்தது. இருபது வருடப் பழக்கத்தில் விரல்கள் அதைத் தொட்டும்விட்டன.

திரையில் குளவி சிறகை ஒருமுறை அசைத்துப் பார்த்தது. தீக்கழுத்தனின் சிவப்பு அந்தச் சிறகில் பட்டு, வானவில் துண்டாக உடைந்தது.

மிருதுளா பையிலிருந்து வெறுங்கையை எடுத்தாள். கூடாரத்தின் கைத்துளை சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, பூபதியிடம் சொன்னாள்:

“கூடாரத்துச் சூட்டை மட்டும் யாரையும் கொறைக்க விட்டுடாதீங்க சார். உள்ள இன்னும் யாரு யாரு தூங்கறாங்களோ.”